சிமியோனுக்கு ஒன்றும் தெரியாது

மகனுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அக்ஸேனியா அவன் பிறந்ததிலிருந்து புலம்பி வந்தாள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பது அதைவிடக் கஷ்டம் என்பது அந்த வாரம்தான் அவளுக்கு விளங்கியது.

சமையலறை மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் சிமியோன். டாக்டர்போலக் குரலைக் கனமாக்கிக்கொண்டு, நீ வேலைக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்பாள். முகமெல்லாம் சிரிப்பாக அவன் ஆரம்பிப்பான். பஸ் எண், ஏறும் இடம், இறங்கும் இடம், காலை வண்டி ஓட்டுபவருக்கு மீசை உண்டா இல்லையா என்பதுவரை வந்துவிடும்.

"அப்படி இல்லடா. தெரியாதுன்னு சொல்லணும்."

"தெரியுமே."

"தெரியும்டா. ஆனா தெரியாதுன்னு சொல்லணும்."

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பான். பொய் சொல்லக் கூடாது என்பதை அவன் மண்டையில் ஏற்றுவதற்குள் அவளுக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. ஏற்றியவளே இப்போது அதை இறக்கவும் வேண்டியிருந்தது.

சிமியோனுக்கு வயது இருபத்தாறு. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். பிறக்கும்போது கழுத்தில் கொடி சுற்றி, மூச்சுத் திணறி, நீலம் பாரித்து வந்தவன். உடம்பு வளர்ந்த வேகத்துக்கு அறிவு வளரவில்லை. மால்டோவாவில் அவர்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவார்கள், கடைக்காரன் முதல் பாதிரியார் வரை. அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்றே ஊருக்கு வெளியே மதில் கட்டி ஒரு விடுதி வைத்திருந்தார்கள். உள்ளே போன பிள்ளைகள் மொட்டை அடிக்கப்பட்டு, ஒரே நிறச் சட்டையில், ஒருவரைப் போலவே ஒருவர் ஆகிவிடுவார்கள். அக்ஸேனியா ஒரே ஒரு தடவை அந்த வாசலில் நின்றிருக்கிறாள். தான் செத்துப்போனால் அவனை அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்ற எண்ணம் அன்று அவளுக்குள் புகுந்தது. பிறகு அது போகவே இல்லை.

அவனைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு அவள் இத்தாலிக்கு வந்தாள். மால்டோவாப் பெண்கள் எல்லாரும் செய்வதுபோல அவளும் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கண்ணை மூடியும் அனுப்பிவைத்தாள். வருஷங்கள் கழித்து, ரிமினியில் ரயில்பாதைக்குப் பின்னால், கடல் வாசனைகூட வராத தெருவில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்ததும் அவனை வரவழைக்க அலைந்தாள். அதில்தான் சிக்கல். வளர்ந்த பிள்ளையைத் தாய் வரவழைக்க வேண்டுமானால் அவன் எதற்கும் ஆகாதவன் என்று நிரூபிக்க வேண்டும். அதுவும் முழுக்க முழுக்க. அரைகுறையாகத் தன் காலில் நிற்கிறவனுக்கு விசா கிடையாது.

எனவே ஊருக்குப் போய், மாவட்ட மருத்துவமனைக்கு அவனைத் தலை வாராமல் கூட்டிப் போனாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையைக் கயிற்றால் கட்டினாள். டாக்டர் பென்சிலை நீட்டியபோது, அவன் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிடப் போகிறானே என்று பயந்து, பென்சிலைப் பறித்து, அவன் கண்ணைக் குத்திக்கொள்வான் ஐயா என்றாள். தன் உழைப்பில் ஒரு நாளும் வாழ முடியாதவன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்ஸேனியா அன்று சந்தோஷத்தில் அழுதாள். தன் பிள்ளை எதற்கும் லாயக்கில்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள்.

ரிமினிக்கு வந்த சிமியோனுக்கு அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. அதனால் அவன் பாட்டுக்குக் கற்றுக்கொண்டான். நகராட்சியின் சமூகநலப் பணியாளர் ஒருத்தி அவனை ஒரு கூட்டுறவுச் சலவைக்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினாள். கடற்கரை ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். வேலை செய்பவர்களில் பாதிப்பேர் சிமியோனைப் போன்றவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்றார்கள்.

இஸ்திரி உருளையின் வாயிலிருந்து விரிப்பு சூடாக வெளியே வரும்போது இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். உதற வேண்டும், மடிக்க வேண்டும், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சிமியோன் வேகக்காரன் இல்லை. சில நாள் பாதியில் நின்று ஜன்னலைப் பார்ப்பான். சில நாள் முனையை மாற்றிப் பிடித்து எல்லாவற்றையும் முறுக்கிவிடுவான். ஆனால் எதிரே நிற்கும் ஓர்னெல்லாவை அவன் ஒருபோதும் இழுக்க மாட்டான். ஓர்னெல்லாவும் மெதுவான பெண்தான். மற்றவர்கள் இழுத்த இழுப்பில் அவள் பல முறை அழுதிருக்கிறாள். சிமியோனோடு சேர்த்துவிட்ட பிறகு அவள் அழுததில்லை என்று மேற்பார்வை பார்க்கும் லொரெதானா சொன்னாள்.

லொரெதானாவுக்குச் சிகரெட்டால் கரகரத்த குரல். காலையில் அவனைக் கண்டதும், "துரை வந்தாச்சா? இனி உருளையைப் போடலாமா?" என்று கூடமே அதிரக் கேட்பாள். துரைக்குக் காது வரை சிவந்துவிடும்.

இந்த லொரெதானாதான் ஒருநாள் அக்ஸேனியாவைக் கூப்பிட்டு, பயிற்சி போதும், இனிமேல் நிரந்தரமாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றாள். சம்பளம், விடுமுறை, எல்லாம் அவன் பெயரில். அதற்கு முன் டாக்டர்கள் குழு ஒன்று அவனைப் பார்த்து, இவனால் என்னென்ன வேலை முடியும் என்று சொல்ல வேண்டுமாம். வெறும் சடங்கு, நானே காரில் கூட்டிப் போகிறேன் என்றாள். சிமியோன் அன்று பஸ்ஸில் ஏறியவர், இறங்கியவர் எல்லாரிடமும் சேதி சொன்னான். மீசை இல்லாத ஓட்டுநர் ஹாரன் அடித்து வாழ்த்தினார்.

அக்ஸேனியாவுக்கும் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள வாகனத் திடலில் ஊருக்குப் போகும் வேன்கள் வந்து நிற்கும். ரிமினியிலும் சுற்றுப்பக்கத்திலும் வேலை செய்யும் மால்டோவாப் பெண்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு அங்கே கூடிவிடுவார்கள். எண்ணெய், காப்பித்தூள், பழைய கோட்டு என்று ஊருக்குப் பார்சல் ஏற்றுவார்கள். ஊரிலிருந்து வந்த பாலாடைக்கட்டியும் ஒயினும் இறங்கும். கூடவே நியாயமும் அங்கேதான் வழங்கப்படும். எந்த வக்கீலுக்கும் தெரியாத சட்டங்கள் அந்தத் திடலில் நிற்பவர்களுக்குத் தெரியும். அதிலும் ஸினாயிதா என்றால் உச்ச நீதிமன்றம். அக்ஸேனியாவுக்கு முன்பே இத்தாலிக்கு வந்தவள். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும்.

சேதியைக் கேட்டு ஸினாயிதா விதையைத் துப்பினாள்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? தூதரகத்துல என்ன சொல்லி அவனைக் கூட்டியாந்தே?"

"ஒண்ணும் முடியாதவன்னு."

"இங்க என்ன சொல்லப் போறே? வேலைக்குப் போறான், சம்பளம் வாங்கறான்னு. ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்லதான்டி போய் விழும். ஏமாத்திட்டாங்கன்னு அவன் இங்க தங்கற பர்மிட்டப் புடுங்கி வேன்ல ஏத்தி அனுப்பிடுவாங்க. உன்னோடதையும் சேர்த்து."

அப்படி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தை ஸினாயிதாவுக்குத் தெரியுமாம். நேரில் தெரியாது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்ஸேனியாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் பிறந்து வளர்ந்த நாட்டில் ஒரு அலுவலகத்தில் ஒன்று சொன்னால் சாகும்வரை எல்லா அலுவலகத்திலும் அதையேதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னவர்களை அந்த நாடு மறந்ததில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போன இடத்தில் மிச்சமிருந்த தைரியமும் போயிற்று. அவள் பகலில் பார்த்துக்கொள்வது அமதேயோ என்ற கிழவரை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காலுக்கு முடியாது, வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. அவள் கிண்டும் மக்காச்சோளக் களியைப் பார்த்து, உங்கள் ஊரில் இதற்கு ஒரு பெயர், எங்கள் ஊரில் ஒரு பெயர், ருசி இரண்டு ஊரிலும் கிடையாது என்பார். அன்று தொலைக்காட்சிச் செய்தியில் ஒருவனைக் காட்டினார்கள். கண் தெரியாது என்று அரசாங்கத்தில் உதவித்தொகை வாங்கியவன், சைக்கிளில் சந்தைக்குப் போய் தக்காளி பொறுக்கி எடுப்பதைப் போலீஸ் மறைந்திருந்து படம் பிடித்திருந்தது. அமதேயோ தொடையைத் தட்டிச் சிரித்தார். எங்கள் நாட்டில் குருடன் கார் ஓட்டுவான், நொண்டி நடனமாடுவான், அகப்பட்டுக்கொள்கிறவன் மட்டும்தான் முட்டாள் என்றார். அக்ஸேனியா அகப்பையோடு நின்று படத்தையே பார்த்தாள். சைக்கிளில் போகிறவன் முகத்தை மறைத்திருந்தார்கள். அவளுக்கு அது சிமியோனாகவே தெரிந்தது.

இத்தனைக்கும் அவள் லொரெதானாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொழிற்சங்கத்தின் உதவி மையத்தில் காசில்லாமல் ஆலோசனை சொல்வார்கள், அங்கேயாவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டுமென்றால் கயிற்றையும் பென்சிலையும் சொல்ல வேண்டும். கேட்பதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அவளுக்கு ஒன்றாகவே பட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டு சமையலறை மேஜையில் பாடம் நடத்தினாள். வாரக் கடைசியில் சிமியோன் தேறிவிட்டான். எதைக் கேட்டாலும் தெரியாது என்றான். அவள் கைதட்டினாள். யார் கைதட்டினாலும் அவனுக்குப் பிடிக்கும்.

குழுவின் முன் போகும் நாளன்று சலவைக்கூடத்தின் வெள்ளை மேல்சட்டையைப் போட்டுக்கொள்வேன் என்று அவன் அடம் பிடித்தான். அவள் பழைய ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். வெள்ளைச் சட்டையைப் பையில் வைத்துக்கொள்ள மட்டும் சம்மதித்தாள்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த டாக்டர் இளம்பெண். அவள் எழுந்து வந்து சிமியோனுக்குக் கை கொடுத்து, பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்ஸேனியா இதை எதிர்பார்க்கவில்லை. கனமான குரலில் ஒரு ஆண் கேட்பான் என்றுதான் அவள் பழக்கியிருந்தாள்.

காலையில் எப்படி வேலைக்கு வருகிறாய் என்று டாக்டர் கேட்டாள். சிமியோன் அம்மாவைப் பார்த்தான். தெரியாது என்றான். யாராவது கூட்டி வருகிறார்களா? தெரியாது. மணி பார்க்கத் தெரியுமா? தெரியாது. கூட வந்திருந்த லொரெதானா நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தாள்.

"துரை, நான்தான் கேக்கறேன். விரிப்பு வெளிய வந்ததும் நீயும் ஓர்னெல்லாவும் என்ன பண்ணுவீங்க? டாக்டருக்குச் சொல்லு."

அவன் கைகள் தாமாகவே மேலே எழுந்தன. இரண்டு முனையைப் பிடிப்பதற்கு எழுகிற மாதிரிதான் எழுந்தன. அக்ஸேனியா தொண்டையைச் செருமினாள். கைகள் மடியில் விழுந்தன.

"தெரியாது."

"ஓர்னெல்லா யாருன்னு தெரியும்ல?"

"தெரியாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, பரவாயில்லை, உன் பெயர் மட்டும் சொல்லு என்றாள். பெயரைப் பற்றி அக்ஸேனியா பாடம் எதுவும் நடத்தியிருக்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தில் எந்த வழியும் கிடைக்காமல், படித்ததையே சொன்னான்.

"தெரியாது."

அக்ஸேனியாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. என் பிள்ளைக்கு அவன் பெயர் தெரியும், அவனுடைய செத்துப்போன தாத்தாவின் பெயர்கூடத் தெரியும் என்று கத்த வேண்டும்போல. அதற்குள் உள்ளே ஏதோ மரத்துவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி. டாக்டர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்று இவனுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் பாருங்கள் என்று லொரெதானா மன்றாடுவது அவள் காதில் விழுந்தது. அம்மா நீங்கள் சொல்லுங்கள், எப்போதும் இப்படித்தானா என்று டாக்டர் கேட்டதற்கு, எப்போதும் இப்படித்தான் என்று சொன்னதும் அவளேதான்.

லொரெதானாவின் காரில் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டு இருவரும் நடந்தார்கள். வழியில் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். நல்லாப் பண்ணுனே என்றாள். எதுவரைக்கும் இப்படி இருக்கணும் என்று அவன் கேட்டான். பழசு முடிந்து புது பர்மிட் கார்டு கைக்கு வரும்வரை என்றாள். அதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. ஆனால் சைக்கிள்காரனை மறைந்திருந்து படம் பிடித்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் அல்லவா?

வேலைக்கு ஏற்ற திறன் இல்லை என்று முடிவு வந்தது. அதற்குச் சில நாள் கழித்து லொரெதானா வீட்டுக்கு வந்தாள். அவனுடைய அலமாரியில் இருந்த செருப்பையும் காப்பிக் கோப்பையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். சிமியோன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். துரை என்று அவள் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அவன் உங்க முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னான்" என்றாள் லொரெதானா. "நான் கவனிச்சேன். உதவித்தொகைக்காகவா, அக்ஸேனியா? அவன் சம்பளம் பத்தாதுன்னு தோணிச்சா?"

அவள் கண்ணில் இருந்த அருவருப்பை அக்ஸேனியா பார்த்தாள். இல்லை என்று சொன்னால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

"ஆமா" என்றாள்.

லொரெதானா பையை மேஜையில் வைத்தாள். பிறகு, உருளைக்கு வேறு பையனைப் போட்டுவிட்டோம், ஓர்னெல்லா தினமும் கேட்கிறாள், அவளுக்கு நான் என்ன சொல்வது என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனாள். இந்த இடத்தில் யாராவது ஓடிப்போய் அவளைத் தடுத்திருக்க வேண்டும். அக்ஸேனியா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஸினாயிதா கேட்டுவிட்டு வாழ்த்துச் சொன்னாள். இனி அவன் ராஜா, உட்கார்ந்த இடத்தில் சோறு என்றாள்.

உட்கார்ந்துதான் இருந்தான். தனியே விட முடியாது என்று அக்ஸேனியா அவனை அமதேயோ வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கிழவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. காலை முதல் சாயங்காலம் வரை இருவரும் தொலைக்காட்சி பார்த்தார்கள். பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். ஓட்டுநர் ஹாரன் அடித்தபோது தலையைக் குனிந்துகொண்டான். முதலில் வெளியே மட்டும்தான் அப்படி. பிறகு வீட்டிலும் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. பிறகு ரொட்டியைப் பிய்த்துத் தர வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் பார்க்கவில்லை, நீயே போட்டுக்கொள்ளடா என்றால், தெரியாது என்றான். நடிக்கிறானா, நிஜமாகவே போய்விட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. பனிக்காலம் பாதி போனபோது, போய்த்தான்விட்டது என்று முடிவுக்கு வந்தாள். அழுகை வரவில்லை. குனிந்து அவன் ஷூவுக்கு நாடா கட்டிவிடுவாள். அடுத்த வேலையைப் பார்ப்பாள். கிழவர்களுக்குச் செய்து பழகிய கைகள் தயங்காமல் எல்லாவற்றையும் செய்தன.

"உன் பையன் என்னைவிடக் கிழவனாயிட்டான்" என்றார் அமதேயோ ஒருநாள். அவருக்கே அது வேடிக்கையாக இல்லை.

பனி விட்டு, கடற்கரை ஹோட்டல்கள் கதவைத் திறந்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது புது கார்டு வந்தது. போலீஸ் அலுவலகத்தில் அவனை விரல் ரேகை வைக்கச்செய்து கார்டை வாங்கினாள். ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த தொழிற்சங்க உதவி மையத்தில் நகல் கேட்டிருந்ததால் நேராக அங்கே போனாள். சிமியோன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கார்டை நகல் எடுத்தபடியே கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். வாட்டசாட்டமான பையன், எங்கேயாவது வேலைக்குச் சேர்த்துவிடக் கூடாதா என்றாள். மாதக்கணக்காகத் தொண்டையில் கிடந்த கேள்வி, கேட்க நினைக்காத நேரத்தில் வெளியே வந்துவிட்டது.

"வேலைக்குப் போனா பர்மிட் போயிடாதா? ஒண்ணும் முடியாதவன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது? வந்தப்பறம் தேறினதுக்கு யாரும் தண்டனை கொடுக்க மாட்டாங்க. வேலை இருந்தா அவன் பேர்லயே தனியா பர்மிட் வாங்கலாம். இப்ப உங்களை வச்சுத்தான் அவனுக்கு இங்க இடம். வேலைன்னு ஒண்ணு இருந்தா, நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆனாலும் அவன் இங்கயே இருக்கலாம்."

அக்ஸேனியா நகலை வாங்கி மடித்தாள். மறுபடி குழுவிடம் விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் முன்பு இப்படி எழுதியிருப்பதால் லேசில் நடக்காது, காலமாகும், அதுவரை அந்த இடம் காத்திருக்குமா என்பது வேறு விஷயம் என்றாள் அந்தப் பெண். நன்றி சொல்லிவிட்டு அக்ஸேனியா வெளியே வந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். மதிலும் மொட்டைத் தலைகளும் கூடவே வந்தன. அவற்றிலிருந்து அவனைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்திருந்தது. அதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவளே அடைத்திருந்தாள்.

வீட்டில் அவனைக் கட்டிலில் உட்கார்த்திவைத்தாள். ஷூவைக் கழற்றிவிடக் குனிய வேண்டும் என்று தெரிந்தும் எதிரே இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் அவளுடைய கைப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கார்டு வந்துடுச்சுல்ல, அம்மா?"

அவன் இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. வந்துடுச்சு என்றாள்.

"அப்போ இப்ப எனக்குத் தெரியலாமா?"

அவள் ஆம் என்று தலையை ஆட்டினாள்.

சிமியோன் பெருமூச்சு விட்டான். கனமான மூட்டையை இறக்கிவைத்தவன் விடுகிற மூச்சு அது. குனிந்து, அவள் காலையில் தளர்வாகக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். அலமாரியைத் திறந்து வெள்ளை மேல்சட்டையை எடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான். கூடவே பேசிக்கொண்டே இருந்தான். பஸ் எண், ஏறும் இடம், இறங்கும் இடம். ஓர்னெல்லாவின் முழுப் பெயர். தான் பிறந்த தேதி, ஊர், தாத்தாவின் பெயர். அந்த டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொன்னான். ஒன்றையும் அவன் தொலைத்திருக்கவில்லை. அத்தனையையும் வாய்க்குள் வைத்து, அவள் சொன்னபடியே பனிக்காலம் முழுக்கக் காத்திருக்கிறான்.

அவன் கதவில் கை வைத்தபோதுதான் அவள் பேசினாள்.

"அங்க வேலை இல்லடா, சிமியோன். வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"ஏன்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டாங்க."

அவன் கதவருகிலேயே நின்று யோசித்தான். நெற்றி சுருங்கியது. பிறகு தெளிந்தது. கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"அப்படின்னா நான் நல்லாத்தான் பண்ணியிருக்கேன்ல, அம்மா?"

"நல்லாப் பண்ணுனேடா" என்றாள் அக்ஸேனியா.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து, தானே நாடாவை அவிழ்த்தான்.